சிலேட்டில் செதுக்கிய பெயர்கள்: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டங்கள் குறித்து வந்த கேள்விகளுள், பழைய சிலேட்டுத் தலைக்கற்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: லெஸ்டர்ஷயரில் ஒரு கிராமத் தேவாலயத்துக்குச் சென்றிருந்தேன். 1760களைச் சேர்ந்த கருஞ்சாம்பல் நிறக் கற்களில் உள்ள எழுத்துகளைச் சிறிதும் சிரமமின்றிப் படிக்க முடிந்தது. அவற்றுக்கு நூறாண்டு பிற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்களிலோ பெயர்கூடத் தெரியவில்லை. விலை மிகுந்த கல் அல்லவா நீடித்திருக்க வேண்டும்?
— லெஸ்டர் வாசகர்

பதில்: கல்லின் விலைக்கும் அதன் ஆயுளுக்கும் தொடர்பில்லை. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் எப்போதுமே சற்று அமிலத்தன்மை உடையது. 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளின் நிலக்கரிப் புகை பெருகி, கந்தகமும் அந்த மழையில் கலந்தபோது, பளிங்கின் மேற்பரப்பு மெல்லக் கரைந்து சர்க்கரையைப் போல மணிமணியாக உதிரத் தொடங்கியது. இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த வெண்கல் என்ற பெருமைக்காக அதை வாங்கியவர்கள், இங்கிலாந்தின் மழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சிலேட்டின் பிறப்பு வேறு. பழங்காலக் கடலடியில் படிந்த மிக நுண்ணிய சேறு, நிலத்தட்டுகளின் நகர்வால் நசுக்கப்பட்டு, மிதமான வெப்பத்தில் உருமாறியதால் உண்டானது அது. அந்த அழுத்தத்தில் அதிலுள்ள மைக்கா, குளோரைட் போன்ற தகட்டுக் கனிமங்கள் ஒரே திசையில் அடுக்கி நின்றுவிடுகின்றன. சிலேட்டைப் பலகை பலகையாகப் பிளக்க முடிவது இதனால்தான். இக்கனிமங்களும் இவற்றோடு சேர்ந்திருக்கும் குவார்ட்ஸும் சாதாரண மழையின் அமிலத்தில் கரைவதில்லை. துளைகளும் மிகக் குறைவு என்பதால், நீர் உள்ளே புகுந்து உறைந்து கல்லை உடைப்பதும் அரிது. உளி இட்ட கோடு 250 ஆண்டுகளுக்குப் பின்னும் கூர்மை மங்காமல் இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் சிலேட்டு அழிவற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பிளவுத் தளம்தான் அதன் வலிமை, அதுவே அதன் குறையும்கூட. கல்லின் மேல்விளிம்பில் உள்ள நுண்ணிய விரிசல் வழியாக நீர் இறங்கி உறைந்தால், எழுத்துகள் உள்ள முகப்பே ஒரு தகடாகக் கழன்று விழுந்துவிடும். பளிங்கு பல பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுக மறைகிறது. சிலேட்டோ பழுதுபட்டால், முழு வாசகத்தையும் ஒரே குளிர்காலத்தில் இழந்துவிடக்கூடும்.

கேள்வி: இக்கற்கள் எங்கிருந்து கிடைத்தன? முகப்பு கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க, பின்புறம் மட்டும் கரடுமுரடாக விடப்பட்டிருப்பது ஏன்?
— லவ்பரோ வாசகி

பதில்: நீங்கள் இருக்கும் பகுதியில் காணப்படும் பழைய கற்கள் பெரும்பாலும் ஸ்வித்லண்ட் சிலேட்டு. லெஸ்டருக்கு வடமேற்கே சார்ன்வுட் வனப்பகுதியில் ஸ்வித்லண்ட், உட்ஹவுஸ் ஈவ்ஸ், குரோபி ஆகிய ஊர்களை ஒட்டிய குழிகளில் இது வெட்டப்பட்டது. ரோமானியர் காலத்திலேயே லெஸ்டர் நகரக் கூரைகளுக்குப் பயன்பட்ட கல் இது. வேல்ஸ் நாட்டுச் சிலேட்டைப் போல இதை மெல்லிய தகடுகளாகப் பிளக்க முடியாது. தடித்தும் ஒழுங்கற்றும்தான் பிளக்கும். ஆகவே கல்தச்சர் ஒரு முகத்தை மட்டும் நெடுநேரம் தேய்த்து மட்டமாக்கிவிட்டு, பின்புறத்தைப் பிளந்தபடியே விட்டார். ஒரு கல் ஸ்வித்லண்டைச் சேர்ந்ததா என்று அறிய விரும்புபவர் முதலில் அதன் முதுகைப் பார்ப்பது நல்லது. பிற்காலத்து வேல்ஸ் சிலேட்டு பெரும்பாலும் இருபுறமும் ஒரே சீராக, குறைந்த கனத்துடன் இருக்கும்.

கால்வாய்களும், பிறகு ரயில் பாதைகளும் வந்தபின் வேல்ஸ் சிலேட்டு மலிவாக எங்கும் கிடைத்தது. அந்தப் போட்டியைத் தாங்க முடியாமல் சார்ன்வுட் குழிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மூடப்பட்டன. இன்று ஸ்வித்லண்ட் காட்டுக்குள் அவை நீர் நிறைந்த ஆழமான பள்ளங்களாக, வேலியிட்டுக் கிடக்கின்றன. புதிதாக அந்தக் கல் வெட்டப்படுவதில்லை. ஆகவே பழைய தலைக்கல் ஒன்று உடைந்தால், அதே கல்லில் மாற்று செய்ய வழியே இல்லை.

இக்கல்லைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். சார்ன்வுட் பாறைகளுள் ஒரு பகுதி, ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்துக்கும் முற்பட்டது. 1957இல் ஒரு பள்ளி மாணவர் அங்கே கண்டுபிடித்த சார்னியா என்னும் புதைபடிவம் உலகப் புகழ் பெற்றது. அப்பாறைகளுக்கு மேலே கிடக்கும் சிலேட்டும் அதே தொன்மையுடையது என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1990களில் புவியியலாளர்கள், கடலடிச் சேற்றில் வளை தோண்டி வாழ்ந்த உயிரினங்களின் தடங்களை இந்தச் சிலேட்டில் கண்டனர். அவ்வகை வளைத்தடம் கேம்பிரியன் காலத்துக்கு உரியது என்பதால், கல்லின் வயதையே மாற்றிக் கணிக்க நேர்ந்தது. அத்தடங்கள் அவர்கள் கண்ணில் பட்டது கல்குழியில் அல்ல, கிராமத் தேவாலயத்தின் தலைக்கற்களில்! பாறை முகப்பு பாசி படிந்து மறைந்து கிடக்க, தச்சர் தேய்த்து மெருகிட்ட கல்லில் தடம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த முறை நீங்கள் செல்லும்போது, எழுத்துகளுக்கு இடையே வரிவரியாக வளைந்து செல்லும் அடையாளம் ஏதேனும் உண்டா என்றும் பாருங்கள்.

இங்கிலாந்தின் மற்ற பகுதிகளில் கதை வேறு. கார்ன்வாலில் டெலபோல் குழியின் சிலேட்டு பல நூற்றாண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. அது இன்றும் இயங்கும் குழி. அங்குள்ள ஆல்டர்னன் கிராமத்தில், 1818இல் ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்த நெவில் நார்தி பர்னார்ட் இளம் வயதில் செதுக்கிய சிலேட்டுத் தலைக்கற்கள் உள்ளன. பின்னாளில் லண்டன் வரை சென்று புகழ்பெற்ற சிற்பியான அவர், 1878இல் ஆதரவற்றோர் இல்லத்தில் வறுமையில் இறந்தார்.

கேள்வி: பீவர் பள்ளத்தாக்கின் கல்லறைகளில் காணப்படும் வட்டமுகத் தேவதை உருவங்கள் குழந்தை வரைந்தவை போல இருக்கின்றன. அக்காலத் தச்சர்களுக்கு முகம் செதுக்கத் தெரியாதா?
— நாட்டிங்ஹாம் வாசகர்

பதில்: வரைபடத்தில் பெல்வாய்ர் என்று எழுதப்பட்டு, ஊராரால் பீவர் என்று உச்சரிக்கப்படும் அந்தப் பள்ளத்தாக்கு, லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. நீங்கள் கண்டவை பீவர் தேவதைகள் என்றே பெயர் பெற்றவை. ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்வித்லண்ட் சிலேட்டில் செதுக்கப்பட்ட இவை, ஹிக்ளிங் முதலான சிற்றூர்களின் தேவாலயங்களைச் சுற்றிக் கூட்டமாக நிற்கின்றன. நேர்நோக்கிய முகம், கன்னத்தை ஒட்டி விரியும் சிறகுகள், பக்கத்தில் மணற்கடிகாரம், குறுக்கிட்ட எலும்புகள் என்ற அமைப்பு, சிறு மாற்றங்களுடன் கல்லுக்குக் கல் திரும்பத் திரும்ப வருகிறது.

திறமைக் குறைவு என்ற முடிவை நான் ஏற்கவில்லை. அதே கல்லில் அதே கை செதுக்கிய எழுத்துகளைப் பாருங்கள். இடைவெளியும் வளைவும் எவ்வளவு கட்டுக்கோப்பாக உள்ளன! அப்படிப்பட்ட உளிக்கு ஒரு மூக்கைச் சரியாக அமைப்பது பெரிய காரியம் அல்ல. மேலும், சிலேட்டு ஆழமாகக் குடைவதற்கு ஏற்ற கல் அன்று. பிளவுத் தளத்தைக் கடந்து உளி ஆழமாக இறங்கினால் செதில் பெயர்ந்துவிடும். சுண்ணாம்புக் கல்லில் திரண்ட கன்னமும் சுருண்ட முடியும் கொண்ட முழுச் சிற்பத்தை எழுப்பலாம். சிலேட்டில் கோட்டாலும் தாழ்வான புடைப்பாலுமே பேச வேண்டும். ஆகவே முகத்தைச் சில கோடுகளுக்குள் சுருக்கியது, கல்லின் இயல்பு அறிந்தவர் எடுத்த முடிவு என்றே தோன்றுகிறது. வாங்குபவரும் அதையே விரும்பியிருக்க வேண்டும். இல்லாவிடில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே வடிவத்துக்கு அத்தனை கிராமங்களிலிருந்தும் கேட்பு வந்திராது.

உருவங்களின் பொருளும் காலத்தோடு மாறி வந்தது. தொடக்கத்தில் மண்டையோடும் எலும்பும் மணற்கடிகாரமும் மரணத்தை நினைவூட்டின. 18ஆம் நூற்றாண்டு நகர நகர, மண்டையோடு விலகிச் சிறகுள்ள முகம் நிலைத்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க பாணிச் சாடிகளும், நங்கூரத்தில் சாய்ந்து நிற்கும் நம்பிக்கை என்னும் பெண்ணுருவும், தலைகவிழ்ந்த வில்லோ மரமும் வந்துவிட்டன. தேதி உதிர்ந்துபோன கல்லின் காலத்தையும் தோராயமாகக் கணிக்க இவ்வரிசை உதவும். எனினும் தொலைதூரக் கிராமத்துத் தச்சர் பழைய மாதிரியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்திருப்பார் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: சில கற்களின் அடியில் இறந்தவர் அல்லாத ஒருவரின் பெயரும் ஊரும் காணப்படுகின்றன. அவர் யார்?
— டெர்பி வாசகர்

பதில்: செதுக்கியவர்! சிலேட்டு வட்டாரத்தில் தச்சர் தம் பெயரைப் பொறிப்பது பரவலான வழக்கம். ஸ்வித்லண்டைச் சேர்ந்த ஹிண்ட் குடும்பத்தார் குழியும் நடத்தி, கல்லும் செதுக்கினர். அவர்கள் பெயரை லெஸ்டர்ஷயர் முழுவதும் காணலாம். ராட்கிளிஃப் ஊரின் ஸ்பேரோ என்ற பெயர் நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் மிகுதி. அது பெருமிதமும் விளம்பரமும் சேர்ந்தது. ஞாயிறுதோறும் ஊரே நடந்து செல்லும் வழியில் இதைவிடச் சிறந்த விளம்பரப் பலகை எங்கே கிடைக்கும்?

இக்கற்களில் இறந்தவரின் சமூக நிலையைவிடத் தச்சரின் கையே எனக்குக் கூடுதல் அக்கறைக்கு உரியதாகத் தோன்றுகிறது. உழவர், கொல்லர், ஆலைக்காரர் என்று, வேறெங்கும் எழுத்தில் இடம் பெறாத மனிதர்களுக்காக, எழுத்தாசான்களின் பயிற்சி ஏடுகளில் மட்டுமே காணக்கூடிய கொடிச் சுழிப்புகளைக் கல்லில் இழுத்தவர்கள் இவர்கள். அருகே குனிந்து பார்த்தால், எழுத்துகளை நேராக நிறுத்த ஊசியால் கீறிய மெல்லிய கோடுகள் இன்னும் தெரியும். இடம் போதாமல் சொல்லைப் பாதியில் உடைத்து, மீதியைச் சிறிய எழுத்தில் மேலே ஏற்றிய கற்களும் உண்டு. விட்டுப்போன எழுத்தை ஒரு கூரடையாளமிட்டு வரிக்கு மேலே செருகிய கற்களும் உண்டு. வாடிக்கையாளர் அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே.

கொல்லர்களின் கல்லறைகளில் இங்கிலாந்தின் பல மாவட்டங்களில் ஒரே பாட்டு திரும்ப வருகிறது: சம்மட்டி சாய்ந்துவிட்டது, துருத்தி மூச்சற்றுப் போனது, நெருப்பு அணைந்தது என்பது அதன் கருத்து. எவரோ எழுதியதைத் தச்சர்கள் தங்கள் மாதிரிச் சுவடியில் வைத்திருந்து, கேட்டவர்க்கெல்லாம் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு கல்லில் 1723/4 என்று இரண்டு ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. எதை ஏற்பது?
— கோவென்ட்ரி வாசகி

பதில்: 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆம் நாளில் தொடங்கியது, பொதுமக்கள் பலரோ ஜனவரி 1ஐயே புத்தாண்டாகக் கொண்டனர். ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு இரண்டையும் எழுதினர். இன்றைய கணக்கில் அது 1724. ஒற்றை ஆண்டு மட்டும் பொறித்த கல்லில் பிப்ரவரி 1723 என்றிருந்தால், அதுவும் இன்றைய 1724ஆக இருக்கக்கூடும் என்பதால், பங்குப் பதிவேட்டோடு (திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தேவாலயம் பதியும் ஏடு) ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். அப்பதிவேடுகளை எழுதும் வழக்கம் 1538இல் தொடங்கியது. ஆனால் அடக்கப் பதிவில் வயதும் வசிப்பிடமும் ஒரே சீரான படிவத்தில் கிடைப்பது 1813 முதல்தான். அதற்கு முற்பட்டவர்களின் வயதைக் கல் மட்டுமே சொல்வது உண்டு. 45ஆம் அகவையில் இறந்தார் என்று கல் சொன்னால், அவருக்கு நிறைந்த வயது 44 என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்ட கற்களின் கீழேயும் உடல்கள் உள்ளனவா?
— லண்டன் வாசகர்

பதில்: இல்லை. புல் வெட்டும் வசதிக்காக 20ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் கற்களைப் பெயர்த்துச் சுவரோரம் நிறுத்தினர். நிலம் நேர்த்தியாயிற்று, எவர் எங்கே கிடக்கிறார் என்ற செய்தி போயிற்று. இது எனக்கு உடன்பாடான செயல் அன்று. இடம் மாறாத கல்லானால், வழக்கப்படி உடல் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகக் கிடக்கும். காலடியில் இருந்த, பெயரின் முதலெழுத்துகள் மட்டும் பொறித்த சிறு கற்கள் பெரும்பாலும் காணாமற் போய்விட்டன.

கேள்வி: முன்னோர் ஆய்வுக்காக ஒரு கல்லைப் படிக்க வேண்டியுள்ளது. கம்பித் தூரிகையால் பாசியை அகற்றி, சுண்ணக்கட்டியால் எழுத்துகளை நிரப்பலாம் என்று ஒருவர் கூறுகிறார். செய்யலாமா?
— பர்மிங்ஹாம் வாசகர்

பதில்: கூடாது. தலைக்கல் சட்டப்படி அதை நட்டவருக்கும், அவருக்குப்பின் இறந்தவரின் வாரிசுகளுக்கும் உரியது. அதன் மீது எந்த வேலை செய்யவும் இங்கிலாந்துத் திருச்சபையின் அனுமதி வேண்டும். பீவர் தேவதைக் கற்கள் சில, பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகவும் பட்டியலிடப்பட்டுள்ளன. கம்பித் தூரிகை 250 ஆண்டு மழை செய்யாததை ஒரு பிற்பகலில் செய்துவிடும். நீங்கள் பாசி என்று நினைப்பது பெரும்பாலும், பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கனாக இருக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளரும் அவ்வுயிரினங்களுக்கு, இயற்கைப் பாறைகள் குறைந்த தாழ்நிலப் பகுதிகளில் கல்லறைத் தோட்டங்களே முதன்மையான புகலிடம். எழுத்துகள் மேல் படர்ந்த ஐவிக் கொடியையும் பிடித்து இழுக்காதீர்கள். வேர் பிளவுக்குள் இருந்தால் தகடும் கூடவே வந்துவிடும்.

வெளிச்சமே போதும். சூரிய ஒளி கல்லின் முகத்தைப் பக்கவாட்டில் உரசிச் செல்லும் நேரத்தில் சென்றால், கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் நிழலால் எழுந்து நிற்கும். கிழக்கு நோக்கிய கல்லுக்கு அந்நேரம் நண்பகலை ஒட்டி வரும். நிழலில் நிற்கும் கல்லுக்கு, ஒருவர் கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சாய்வாகத் திருப்ப, மற்றவர் படமெடுக்கலாம். மாலை மங்கியபின் கைவிளக்கைக் கல்லின் விளிம்போடு ஒட்டிப் பிடித்தாலும் அதே பயன் கிட்டும். மெழுகால் தேய்த்துத் தாளில் படியெடுப்பதற்கும் குருவானவரின் அனுமதி பெற வேண்டும். செதில் பெயரும் கல்லில் அதையும் செய்யாதிருப்பது நல்லது.

கேள்வி: என் தாயார் இங்கிலாந்தில் ஒரு கிராமத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். பழைய கற்களுக்கு ஒப்பச் சிலேட்டில் தலைக்கல் வைக்க விரும்புகிறோம். தமிழில் பொறிக்க அனுமதி கிடைக்குமா?
— வார்விக்ஷயர் வாசகி

பதில்: சிலேட்டைத் தேர்ந்தது நல்ல முடிவு. திருமண்டலங்களின் (ஒவ்வோர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளின்) விதிகள் பொதுவாக மெருகேற்றிய கருங்கல்லை விலக்கி, மெருகிடாத சிலேட்டை ஏற்கின்றன. மண் இறுகுவதற்காக அடக்கத்துக்குப்பின் ஏறத்தாழ ஆறு மாதங்கள் காத்திருக்கச் சொல்வது வழக்கம். அளவும் கல்வகையும் வாசகமும் விதிகளுக்கு உட்பட்டிருந்தால் குருவானவரே அனுமதி வழங்கலாம். அவருக்கு ஐயம் இருந்தால், திருமண்டல நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும்.

மொழி குறித்து ஒரு முன்னுதாரணம் உண்டு. கோவென்ட்ரி திருமண்டலத்தில், அயர்லாந்தில் பிறந்த ஒரு தாயாரின் கல்லில் ஐரிஷ் மொழி வாசகத்தை மொழிபெயர்ப்பின்றிப் பொறிக்கக் குடும்பத்தினர் அனுமதி கேட்டனர். பொருள் தெரியாதவர்கள் அதை அரசியல் முழக்கமாகக் கருதக்கூடும் என்று கூறி, 2020இல் நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டில், திருச்சபையின் உயர் நீதிமன்றமான ஆர்ச்சஸ் நீதிமன்றம் 2021இல் அத்தீர்ப்பை மாற்றி, மொழிபெயர்ப்பு இல்லாமலே பொறிக்க அனுமதித்தது. ஆகவே தமிழுக்குக் கதவு மூடியிருக்கவில்லை. விண்ணப்பத்துடன் வாசகத்தின் ஆங்கிலப் பொருளை இணைத்துக் கொடுத்தால் குருவானவருக்கு எளிதாகும். அதைக் கல்லிலும் பொறிப்பதா என்பது உங்கள் விருப்பம்.

கணினி வழி மணல் வீசிப் பொறிப்பவரைவிட, கையால் உளியிட்டு எழுத்து வெட்டுபவரை நாடுங்கள். செலவும் காத்திருப்பும் கூடும். சிற்பியும் எழுத்து வெட்டுநருமான எரிக் கில்லிடம் பயின்ற டேவிட் கிண்டர்ஸ்லி கேம்பிரிட்ஜில் வளர்த்த பட்டறை மரபு இன்றும் தொடர்கிறது. வேறு ஊர்களிலும் அத்தகையோர் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தமிழ் எழுத்து புதியது என்பதால், சுழிகளும் புள்ளிகளும் தெளிவாக உள்ள வாசகத்தைக் கல்லின் முழு அளவில் தாளில் வரையச் செய்து, தமிழ் நன்கு அறிந்த இருவரிடம் காட்டித் திருத்தி, அந்தத் தாளில் கையொப்பமிட்ட பிறகே வெட்டத் தொடங்கச் சொல்லுங்கள்.